நாட்டோ தின்னும் தபால்காரி

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

ஹட்சுவே வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம் கிடையாது, வாங்க கிடையாது. அரிசி அவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவிப்பு முடிகிற நாள்வரை, சாக்கே என்ற அரிசி மது வடிக்கிற அந்த ஆலைக்குள் காலெடுத்து வைக்கிற எவரும் இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். போன மாதம் வந்த வரி அதிகாரிகூட முள்ளங்கி ஊறுகாயும் சோறும் என்று ஒப்பித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

டோக்கியோவிலிருந்து வந்து இறங்கிய இகுடாவுக்கு இது தெரியாது. மங்கா என்ற படக்கதைப் புத்தகங்கள் போடும் பதிப்பகத்துக்காரர் அவர். நல்ல கோட்டு, பனியில் வழுக்குகிற காலணி. கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நாட்டோங்க! ரெண்டு பொட்டலம்! ஹோட்டல்ல கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நம்ம கதாநாயகி சவாரா சண்டைக்கு முன்னாடி அதைத்தானே சாப்பிடுவா? காரியம் நல்லபடியா நடக்கட்டும்னுதான்.”

ஹட்சுவேக்குப் பின்னால் பனி வாரிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி தொகுஜி மண்வெட்டியை நழுவவிட்டார்.

“அப்படியே நில்லுங்க,” என்றாள் ஹட்சுவே. “ஒரு அடிகூட முன்னாடி வைக்காதீங்க. மூச்சை அந்தப் பக்கமாத் திரும்பி விடுங்க.”

“ஏங்க, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

அவித்த சோயாவைப் புளிக்கவைத்து நூல் நூலாக இழைய விடுகிற அந்த நாட்டோக் கிருமி இருக்கிறதே, அது முரட்டுப் பேர்வழி. சாக்கேக்கு உயிர் கொடுப்பது அரிசிமேல் பூக்கிற கோஜி என்ற மெல்லிய பூஞ்சை. நாட்டோக் கிருமி ஒருமுறை அந்த அறைக்குள் புகுந்துவிட்டால் கோஜியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே குடியேறிவிடும். கொதிநீருக்கும் லேசில் அடங்காது. ஆலைக்காரர்கள் திருடனுக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை.

“நாட்டோ பொறந்ததே எங்க அகிதாவுலதான்னு சொல்லிக்கிற ஆளுங்க சார் நாங்க,” என்றார் தொகுஜி, இகுடாவின் மேல் இரக்கப்பட்டு. “நாங்களே குளிர்காலம் முழுக்க அதைக் கண்ணால பாக்கறதில்ல. என் வீட்டுக்காரி அவ அம்மா வீட்டுக்குப் போய்த் தின்னுட்டு, குளிச்சுட்டுத்தான் வருவா. சிரிச்சுக்கிட்டே வருவா, அதான் வயித்தெரிச்சல்.”

“எதிர்ல முதலாளி வீடு இருக்கு. அங்க போய் உக்காருங்க, நான் வரேன்,” என்றாள் ஹட்சுவே. “உங்களோட பேசிட்டு நான்தான் தலைக்குக் குளிக்கணும்.”

ஹட்சுவே அந்த ஆலையின் தோஜி. அதாவது சாக்கே வடிக்கிற வேலைக்கு அவள்தான் தலை. முதலாளி கனாமோரிகூட அவளிடம் கேட்டுத்தான் ஒரு குழாயைத் திறப்பார். நாற்பத்தொரு வயது, கனத்த மணிக்கட்டு, தயங்காத வாய். அடக்கம் என்ற சாமானை அவள் வீட்டில் தேடினால் கிடைக்காது. “நல்லா இருக்குன்னு தெரிஞ்சும் ஏதோ சுமாரா வந்திருக்குன்னு சொல்றது பொய். நான் பொய் சொல்றதில்ல,” என்பாள். இந்த வருஷம் மூன்றாம் தொட்டியில் நுரைத்துக்கொண்டிருந்ததுபோல் அவள் வாழ்நாளில் வந்ததில்லை. அரிசியைப் பாதிக்கும் மேலே தேய்த்துத் தள்ளி, நடுமணியை மட்டும் எடுத்து, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்து வளர்த்தது.

இதுவரை அவள் வடித்ததெல்லாம் கனாமோரி குடும்பப் பெயரில்தான் போயிற்று. இந்த ஒரு சாக்கே மட்டும் அப்படியில்லை. ‘கணவாய்த் தபால்காரி’ என்று நாடே படிக்கிற ஒரு மங்கா. அதன் நாயகி சவாரா, பனிமூடிய கணவாய் வழியாகக் கடிதம் சுமக்கிறவள், வழிமறிப்பவனை வெட்டிச் சாய்க்கிறவள். அவள் படம் போட்டு, குறைந்த எண்ணிக்கையில், உயர்ந்த விலையில், மரப்பெட்டியில் வைத்து ஒரு சாக்கே. பெட்டியின்மேல் வடித்தவர் பெயரும் இருக்கும். முதல்முதலாக ‘ஹட்சுவே’ என்ற எழுத்து கடைகளுக்குப் போகும்.

தொழில் விதிப்படி சாக்கே பாட்டிலில் சின்னப் பெண் படம் போடமுடியாது என்பதால், “அவளுக்கு இருபது முடிஞ்சுதா?” என்று முதல் நாளே கேட்டவளும் ஹட்சுவேதான். இருபத்துமூன்று என்று பதில் வந்தது. அப்புறம் கடமைக்காக ஒரு தொகுதியைப் புரட்டியவள், மீதித் தொகுதிகளைச் சாப்பாட்டு நேரத்திலும் கீழே வைக்கவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. போன வருஷம் ஏதோ ரயில் வீடியோ விளையாட்டின் பெயரில் ஆலை கொஞ்சம் பாட்டில் போட்டுப் பார்த்தது. ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. கனாமோரி ஊரையே கூட்டி விருந்து வைத்தார். அதற்கப்புறம் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனபோது, வேலைக்குப் போகிற அக்கா மகன் யோஷிதோவின் கண்ணாடி அலமாரியில் அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். கழுத்து முத்திரை உடையவில்லை. மேலே சின்ன விளக்கு வேறு.

“திறக்கவே இல்லையாடா?”

“திறந்தா மதிப்பு போயிடும் சித்தி.”

“உள்ள வெறும் தண்ணியை ஊத்தி வெச்சிருந்தா உனக்குத் தெரியுமா?”

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னான். “தெரியாது. ஆனா படம் ஒரிஜினல் சித்தி.”

அந்தப் பதில் அவளை மென்று தின்றது. குடிக்காத சாக்கேக்குத் தோஜி எதற்கு? சாயத்தண்ணீர் போதுமே. இந்த முறை தன் பெயரும் சேர்ந்து அந்த விளக்குக்குக் கீழே போய் நிற்கப்போகிறது என்று நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் சாக்கே மனுஷன் தொண்டைக்குள் இறங்கவேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதலாளி வீட்டு வரவேற்பறையில் இகுடா, குற்றவாளிபோல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கனாமோரி அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஹட்சுவே இரண்டு பேருக்கும் எட்டத்தில், கதவருகிலேயே உட்கார்ந்தாள்.

“படம் கலர்ல வந்துடுச்சு,” என்று இகுடா பணிவாக ஒரு உறையிலிருந்து எடுத்து விரித்தார்.

அழகாகத்தான் இருந்தது. மலை உச்சி, காற்றில் பறக்கும் கூந்தல், ஆலைக்காரர்கள் போடும் நீலச் சட்டை அணிந்த சவாரா. இடது கையில் கிண்ணம். வலது கையில் உயர்த்திய சாப்பாட்டுக் குச்சிகள். கிண்ணத்துக்கும் குச்சிக்கும் நடுவே மினுமினுவென்று ஒரு டஜன் நூல்கள்.

“முதலாளி,” என்றாள் ஹட்சுவே மெதுவாக. “இந்தப் படத்துக்கு நீங்க சம்மதம் கொடுத்தீங்களா?”

“பென்சில் படம்தான் அனுப்பியிருந்தாங்க…” கனாமோரியின் காது சிவந்தது. “கிண்ணம் இருந்துச்சு. அதுலேர்ந்து மேல கோடு கோடா போச்சு. அவிச்ச அரிசியிலேர்ந்து ஆவி வருதுன்னு நெனச்சேன். அடடா, நம்ம தொழிலை எப்படிப் புரிஞ்சுக்கிட்டு வரைஞ்சிருக்காங்கன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“கண்ணு கலங்கி?”

“முத்திரையைக் குத்திட்டேன்.”

சாக்கேக்காரன் கண்ணுக்கு நூலும் ஆவியாகத்தான் தெரியும். அதற்காக அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் சாக்கே பாட்டிலில் நாட்டோ! கல்யாணப் பந்தலில் ஒப்பாரி வைத்த மாதிரி. வசந்தத்தில் தோஜிகள் கூடும்போது மாவட்டம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பாட்டிலில் அவள் பெயர் இருக்கும். சிரிப்பும் அவள் பெயரைச் சொல்லித்தான் வரும்.

“கிண்ணத்துல வேற எதையாவது போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க,” என்றாள்.

இகுடா தலையைக் குனிந்துகொண்டார். “சவாராவை வரையற மினோவா சென்செய், எங்களுக்கெல்லாம் ஆசான், வரைஞ்ச கோட்டை மாத்தமாட்டாங்க. ஒரு தடவை சவாராவோட மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். அவர் இப்போ எங்க சமையல் பத்திரிகையில இருக்கார். அதோட இந்த நூல்தான் கதையே. ‘இழை அறாது’ன்னு அவ சொன்னா, படிக்கிறவங்க எழுந்து நின்னு கத்துவாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஜப்பானியப் பேச்சில் நூலாக ஒட்டுவதற்கும், விடாப்பிடியாக நிற்பதற்கும் ஒரே சொல்தான்: நெபாரு. அந்த ஒரு சொல்லின்மேல்தான் சவாராவின் கதை முழுக்க நின்றது.

“அப்போ விட்டுடுவோம்,” என்றார் கனாமோரி. “மூணாம் தொட்டியை நம்ம வழக்கமான லேபிள்ல ஊத்திடலாம். பரவாயில்ல.”

“உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கு அப்படியில்ல.” ஹட்சுவே எழுந்தாள். “இகுடா-சான், அந்தப் படத்துல ஒரு பிரதி குடுங்க. உங்க சென்செயை இங்க கூட்டிட்டு வாங்க. எனக்கு அவங்க பொண்ணு சவாராவைப் பிடிச்சிருக்கு. அவ கையில இருக்கறதுதான் பிடிக்கல. நேர்ல பேசிக்கறேன்.”

“அவங்க யாரையும் பாக்கமாட்டாங்களே…”

“நெபாரு,” என்றாள் ஹட்சுவே. “போய் விடாம ஒட்டிக்கிட்டு நில்லுங்க.”

மூன்றாம் தொட்டியைப் பிழியும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹட்சுவே தினமும் கொஞ்சம் எடுத்துச் சுவைப்பாள். நைசான துணியில் வடிக்காமல், கையிலிருந்த முரட்டுத் துணியில் அவசரத்துக்கு வடித்ததால் பாலாகக் கலங்கி இருந்தது. அதைப் பெட்டியளவு சரிபார்க்க வைத்திருந்த நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினாள். படம் எந்த உயரத்துக்கு வருகிறது என்று பார்க்க இகுடா தந்த பிரதியை எடுத்து ஒட்டினாள். ஒட்டும்போது புத்தி வேறெங்கோ இருந்திருக்கவேண்டும். பாட்டிலின் பின்பக்கம், படம் உள்ளே பார்க்கிற மாதிரி ஒட்டிவிட்டாள். முன்பக்கமிருந்து பார்த்தால் கலங்கல் மறைத்து வெறும் வெள்ளை. “சவாராவும் போனா, நாட்டோவும் போச்சு,” என்று முணுமுணுத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் காலை கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

கலங்கலெல்லாம் அடியில் படிந்திருந்தது. மேல்பாதி தெளிந்து கண்ணாடியாக நின்றது. அந்தத் தெளிவுக்குள் சவாராவின் முகம், பறக்கும் கூந்தல், உயர்த்திய குச்சிகள். மார்புக்குக் கீழே வெள்ளை. இடுப்பளவு பனியில் நடந்து வருகிறவள் மாதிரியே இருந்தாள். கிண்ணம் பனிக்குள் புதைந்துவிட்டது. குச்சியிலிருந்து இறங்கும் நூல்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டுமென்றால் ஒரே வழிதான்.

ஹட்சுவே பாட்டிலைக் குலுக்கினாள். சவாரா பனிப்புயலில் மறைந்தாள். ஒரு கிண்ணம் ஊற்றிக் குடித்தாள். இன்னொன்று ஊற்றினாள். அப்புறம் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

“தொகுஜி-சான்! இங்க வாங்க! கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வாங்க!”

கலங்கலோடு இப்படியே விற்கலாம் என்றதற்குக் கனாமோரி மட்டும் மசியவில்லை. “பிரீமியம்னு சொல்லிட்டுக் கலங்கலா ஊத்தறதா? கலங்கல் சாக்கேன்னா மலிவு சாக்கேன்னு நெனைப்பாங்க. அதுவும் நிறமில்லாத கண்ணாடியில! வெளிச்சம் பட்டா கெட்டுப்போகுமே!”

“கெடும். அதனாலதான் சீக்கிரம் குடிக்கணும். பெட்டிமேல அதையே எழுதிடுங்க.”

“கலங்கல்?”

“மட்டமான சாக்கேயைத்தான் தெளிய வெச்சு மினுக்கணும். நான் வடிச்சதைச் சேத்துல ஊத்திக் குடுத்தாலும் நாக்கு கண்டுபிடிச்சுடும். குடிச்சுப் பாருங்க.”

கனாமோரி குடித்துப் பார்த்தார். முதலில் பேரிக்காய் வாசனை; நடுவில் அரிசியின் கனம்; விழுங்கியதும் கத்தியால் நறுக்கிய மாதிரி சட்டென்று முடிந்தது. அவர் கிண்ணத்தை நீட்டி இன்னொரு முறை கேட்டார். அது முத்திரை குத்திய மாதிரிதான்.

அடுத்த வாரம் மினோவா வந்தார். சின்ன உருவம், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய நரைமுடி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். இகுடா இரண்டடி பின்னால் வந்தார். ஹட்சுவே வாசலில் நின்றாள்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க, சென்செய்?”

“சோறு. கடல்பாசி. கோபம்,” என்றார் மினோவா. “நான் நாட்டோவுக்குப் பேர்போன மீதோ ஊர்க்காரி. நாட்டோ இல்லாம எனக்குப் பொழுது விடிஞ்சதே இல்ல. உனக்காக மூணு நாளா தொடல. நான் வந்தது ஒரு கோட்டையும் அழிக்கறதுக்கில்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன்.”

“அழிக்கவேணாம். ஒரு கோட்டைக்கூடத் தொடவேணாம்,” என்றாள் ஹட்சுவே. “உள்ள வாங்க.”

ஜன்னல் விளிம்பில் பாட்டில் தெளிந்து நின்றது. மினோவா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கிண்ணத்தைப் புதைச்சுட்டியா?”

“பனி புதைச்சுடுச்சு. எங்க ஊர்ல அப்படித்தான்.”

“நல்லா இருக்கு. ஆனா நீ வெக்கப்பட்டு மறைக்கிறே. என் பொண்ணு சாப்பிடறதைப் பாத்து வெக்கப்படுறவ பாட்டில்ல அவ இருக்கமாட்டா.”

இதைத்தான் ஹட்சுவே எதிர்பார்த்திருந்தாள்.

“சென்செய், நாங்க நாட்டோவை வெறுக்கல. காத்துக்கிட்டு இருக்கோம். கடைசி அரிசியை அவிச்சு முடிச்சதும் அந்தப் பெரிய அவிப்புத் தொட்டியைக் கவுத்துப் போட்டுட்டு விருந்து வெப்போம். மறுநாள் காலையில இந்த தொகுஜி-சான் நாட்டோ சாப்பிடறதை நீங்க பாக்கணும், அழுதுக்கிட்டே சாப்பிடுவார். வேலை முடிஞ்சாத்தான் நாட்டோ. இந்தப் பாட்டிலும் அப்படித்தான். கடைசிச் சொட்டு வரைக்கும் காலியானா, அப்போ உங்க பொண்ணு சாப்பிடறது தெரியும். அதுவரைக்கும் அவளும் எங்களை மாதிரி பொறுத்துக்கட்டும்.”

மினோவா பாட்டிலைக் கையில் எடுத்தார்.

“நிரூபி,” என்றார்.

இகுடாவையும் தொகுஜியையும் சேர்த்து நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஊறுகாயும் வறுத்த மீனும் வந்தன. குலுக்கியதும் சவாரா மறைந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் கூந்தல், அப்புறம் கண், அப்புறம் குச்சி என்று புயலிலிருந்து இறங்கி வந்தாள். மூன்றாம் கிண்ணத்தில் மினோவா தன் கதையை மறந்து சாக்கேயைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். ஐந்தாம் கிண்ணத்தில் ஹட்சுவேயைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். பாட்டில் காலியானபோது கிண்ணமும் நாட்டோவும் டஜன் நூல்களும் முழுசாகத் தெரிந்தன.

“ஒரு மாத்தம் செய்யணும்,” என்றார் மினோவா. இகுடா மீன் துண்டை வாயருகிலேயே நிறுத்திவிட்டார். “இப்போ அவ சும்மா சிரிக்கிறா. காத்திருந்து சாப்பிடறவ சிரிப்பு வேற மாதிரி இருக்கும். வாயை நான் மறுபடி வரையறேன்.”

பாட்டில்கள் வசந்தத்தின் தொடக்கத்தில் கடைக்குப் போயின. ‘இழை’ என்று பெயர். பெட்டியின் ஓரத்தில், வடித்தவர் ஹட்சுவே. கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று பதிப்பகம் வாயைத் திறக்கவில்லை. விடாப்பிடியான வாசகர்கள் இரண்டு நாள் பாட்டிலை விளக்குக்கு எதிரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தோற்றுப்போய்த் திறந்தார்கள். அப்புறம் இணையம் முழுக்கக் காலிப் பாட்டில் படங்கள்தான். நாட்டோ விஷயம் தோஜிகள் சங்கத்துக்கும் போயிற்று. சிரித்தார்கள், நிஜம்தான். ஆனால் சிரித்துவிட்டு ஒவ்வொருவரும், “ஒண்ணு கிடைக்குமா?” என்று ஹட்சுவேயைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள், “தீர்ந்துபோச்சே,” என்று சொல்லி ரசித்தாள்.

அவிப்புத் தொட்டியைக் கவிழ்த்த மறுநாள், அக்கா வீட்டில் காலைச் சாப்பாடு. ஹட்சுவே நாட்டோவைக் கிளறி நூல் இழுத்துக்கொண்டிருந்தபோது யோஷிதோ வந்து எதிரே உட்கார்ந்தான். அவன் முகத்தில் ஏதோ திருட்டுத்தனம் இருந்தது. குச்சியும் கையுமாக எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே ‘இழை’, கழுவித் துடைத்த காலிப் பாட்டில். சவாரா கன்னம் உப்பச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“மதிப்பு போயிடுமேடா?”

“போயிடுச்சு சித்தி.” அவன் தலையைச் சொறிந்தான். “படம் பாக்கத்தான் திறந்தேன். கீழ ஊத்திடலாம்னு நெனச்சேன். ஒரு வாய் வெச்சுப் பாத்தேன். அப்புறம் படத்தை மறந்துட்டேன். மறுநாள்தான் ஞாபகம் வந்து பாத்தேன்.”

ஹட்சுவே குச்சியைக் கீழே வைத்தாள்.

“இன்னொண்ணு கிடைக்குமா சித்தி?”

“எதுக்கு? ஜோடியா நிறுத்தறதுக்கா?”

“இல்ல, குடிக்க. படம் இல்லாட்டியும் பரவாயில்ல.”

அவள் பையிலிருந்து லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை எடுத்து அவன்முன் வைத்தாள். தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசிப் பாட்டில் அது.

“குலுக்கிட்டு ஊத்து,” என்றாள்.